வெளியே வந்தவனின் பாஷை

மதம் மாறுவதற்குத் தமிழில் வார்த்தை இருக்கிறது. கடவுளை மறுப்பதற்கும் இருக்கிறது. நம்பிக்கை ஒருவனிடமிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்று போவதற்கு வார்த்தை இல்லை. ‘நம்பிக்கை இழந்தவன்’ என்று எழுதினால், வியாபாரத்தில் நொடித்தவன் என்றோ காதலில் தோற்றவன் என்றோதான் வாசகன் எடுத்துக்கொள்வான். வெளியேறியவனுக்கு உள்ளே இருப்பவர்கள் வைத்த பெயர்கள் உண்டு. கிறிஸ்தவ சபைகளில் அவன் பின்மாற்றக்காரன். முஸ்லிம்களிடையே முர்தத். பழைய சைவத்துக்கு அவன் புறச்சமயி. இவையெல்லாம் கதவைச் சாத்திக்கொண்டவர்களின் வார்த்தைகள். தெருவில் நிற்கிறவன் தன்னைச் சொல்லிக்கொள்ள ஒன்றும் கிடையாது.

இதை எழுத நேர்ந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பேச்சினால். நண்பர்கள் நாலைந்து பேர் கூடியிருந்தோம். ஐரோப்பிய எழுத்தில் நம்பிக்கை இழப்பு இவ்வளவு பெரிய விஷயமாக இருந்திருக்கிறதே, தமிழில் ஏன் இல்லை என்று கேட்டேன். ‘சுயமரியாதை இயக்கம் நூறு வருஷத்துக்கு முந்தியே ஆரம்பிச்சு முடிச்ச காரியமுங்க அது, இனி எழுத என்ன இருக்குது?’ என்றார் கவிஞரான நண்பர். இன்னொருவர், ‘நம்ம பக்கம் இழக்கறதுக்கு நம்பிக்கைன்னு ஒண்ணு இருந்தாத்தானே?’ என்றார். எல்லோரும் சிரித்தோம். வீட்டுக்கு வந்த பிறகு இரண்டு பதில்களுமே தவறு என்று பட்டது. ஆனால் இரண்டாவது பதிலில் விஷயம் இருக்கிறது.

கொங்கு நாட்டில் ஒரு கவுண்டர் வீட்டுப் பையன் சாமி இல்லை என்று சொன்னால் யாரும் பதறுவதில்லை. குலதெய்வத்துக்குச் சித்தாந்தம் கிடையாது. அதற்கு வேண்டியது தலைக்கட்டு வரி. அதைக் கொடுத்துவிட்டு, நோன்பு நாளில் வந்து நின்று, கல்யாணத்தில் அருமைக்காரர் செய்கிற சீருக்கும் உட்கார்ந்துவிட்டால் மனசுக்குள் என்ன இருக்கிறது என்று ஊர் தோண்டிப் பார்க்காது. எனக்குத் தெரிந்த நாத்திகர்களில் பலர் வருஷம் தவறாமல் தலைக்கட்டு வரி கட்டுகிறவர்கள். இதைக் கேலியாகச் சொல்லவில்லை. அந்த அமைப்பில் வேறு விதமாக இருக்கவும் முடியாது. அங்கே விசுவாசத்தைக் கேட்பதில்லை, பெண் கொடுப்பதையும் எடுப்பதையும் கேட்கிறார்கள். சாதி விட்டுக் கல்யாணம் செய்தால்தான் ஊர் கூடும். ‘மாதொருபாகன்’ நாவலுக்காகப் பெருமாள்முருகனுக்கு 2015 ஜனவரியில் நேர்ந்ததும் அவர் கடவுளை மறுத்ததற்காக அல்ல. ஊரின், சாதியின் கௌரவம் தொடப்பட்டது என்பதற்காக. ஆகவே பெரும்பான்மை இந்து வாழ்க்கையில் அவிசுவாசத்துக்கு விலை குறைவு. விலை குறைந்த விஷயத்தில் இலக்கியம் பிறப்பதும் அரிது.

விலை கொடுக்கிறவர்கள் வேறு இடத்தில் இருக்கிறார்கள். சபை, ஜமாஅத், கன்னியர் மடம். என்ன நம்ப வேண்டும் என்று எழுதி வைத்து, நம்புகிறவர்களுக்குள்ளேயே சாப்பாடு, கல்யாணம், கல்லறை எல்லாவற்றையும் வைத்திருக்கிற இடங்கள். அவற்றிலிருந்து வெளியேறுவது பற்றியே இங்கு பேசுகிறேன்.

நமக்குக் கிடைத்திருக்கிற பழைய முன்மாதிரி திருநாவுக்கரசர். மருள்நீக்கியார் சமணத்தில் சேர்ந்து தருமசேனராகிறார். சூலை நோய் வருகிறது. இரவோடு இரவாகத் திருவதிகைக்குத் தமக்கை திலகவதியாரிடம் வருகிறார். திருநீறு, பாட்டு, குணம். சேக்கிழார் இதைப் பன்னிரண்டாம் நூற்றாண்டில் சொல்கிறபோது ஒன்று கவனிக்கத்தக்கது. வெளியேறுகிறவனுக்குப் போக ஒரு வீடு இருக்கிறது. விளக்கு எரிகிறது, அக்கா காத்திருக்கிறாள். இரண்டு வீடுகளுக்கும் நடுவில் அவர் தனியாக நடந்து வந்த அந்த இரவு நமக்கு முக்கியம். ஆனால் கதை நிலைகொள்வது வந்து சேர்ந்த வீட்டில்தான். எங்கள் பக்கத்தில் பெருந்துறைக்கு அருகே விஜயமங்கலத்தில் சமணக் கோயில் இன்னும் நிற்கிறது. ‘பெருங்கதை’ எழுதிய கொங்குவேளிர் அந்த ஊர்க்காரர் என்பது மரபு. ஒரு காலத்தில் இந்த நாட்டில் பெரிதாக இருந்த சமயத்தை விட்டு எத்தனையோ குடும்பங்கள் நகர்ந்திருக்க வேண்டும். நகர்ந்தவர்கள் அதைத் தங்களுக்குள் எப்படிச் சொல்லிக்கொண்டார்கள் என்பதற்கு ஒரு வரியும் இல்லை. போய்ச் சேர்ந்த இடத்தின் பாட்டு மட்டும் இருக்கிறது.

பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் அமைப்பு மாறவில்லை. 1858இல் ஞானஸ்நானம் பெற்ற எச். ஏ. கிருஷ்ண பிள்ளை வைணவக் குடும்பத்தில் வந்தவர். பன்யனின் கதையைத் தழுவி அவர் எழுதிய ‘இரட்சணிய யாத்திரிகம்’ 1894இல் வந்தது. யாத்திரிகன் என்ற பெயரே போய்ச் சேர வேண்டிய இடம் தீர்மானமாகிவிட்டது என்று சொல்லிவிடுகிறது. வைணவத்தின் கவித்துவம் அவருடைய செய்யுளில் தங்கிவிட்டது என்று பேராசிரியர்கள் சிலாகிப்பார்கள். தங்கியது ஏன், எதை விட முடியாமல் தங்கியது என்று கேட்பதில்லை.

இனி மேடைக்கு வருகிறேன். ஈரோட்டைப் பற்றி இந்தப் பக்கத்து ஆள் அலட்சியமாக எழுத முடியாது. ஒரு பிராந்தியம் முழுக்க, கடவுள் இல்லை என்று உரக்கச் சொல்லலாம் என்ற தைரியத்தை அந்த ஊர் கொடுத்தது. சுயமரியாதைத் திருமணம் செய்துகொண்டவர்கள் சட்டம் அதை ஏற்காத நாட்களில் என்ன பட்டார்கள் என்பது சாதாரண விஷயமல்ல. 1967இல் அண்ணாதுரை ஆட்சியில் சட்டத் திருத்தம் வந்துதான் அந்தக் கல்யாணங்களுக்குச் செல்லுபடி கிடைத்தது. இதையெல்லாம் ஒப்புக்கொண்ட பிறகே என் குறையைச் சொல்கிறேன். பெரியார் 1904இல் காசிக்குப் போய், சத்திரத்தில் சோறு மறுக்கப்பட்டு, எச்சில் இலையில் சாப்பிட்ட கதையை எல்லோரும் அறிவோம். அந்தக் கதை முடிகிற இடத்தில் நாத்திகர் பிறந்துவிடுகிறார். ஆனால் உண்மையில் அவர் ஈரோட்டுக்குத் திரும்பி வந்து, தேவஸ்தான கமிட்டியில் இருந்து, கோயில் காரியங்களைக் கணக்குச் சுத்தமாக நடத்தியவர். ‘குடி அரசு’ தொடங்கியது 1925இல். நடுவில் இருபது வருஷத்துக்கு மேல். அந்த இருபது வருஷத்துக்கு மேடையில் இடமில்லை. மேடைக்கு வேண்டியது ஒரு தருணம்.

நான் வளர்ந்தது ஒரு கடுமையான சபையில். அங்கே ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் ஒவ்வொருவராக எழுந்து சாட்சி சொல்வார்கள். இருட்டில் இருந்தேன், ஒரு நாள் வெளிச்சம் வந்தது, இப்போது இப்படி நிற்கிறேன். கல்லூரி நாட்களில் பகுத்தறிவுக் கூட்டங்களுக்குப் போய் உட்கார்ந்தபோது எனக்கு அதிர்ச்சியாக இருந்தது. அங்கேயும் சாட்சிதான். மூடநம்பிக்கையில் இருந்தேன், ஒரு நாள் பகுத்தறிவு வந்தது. அதே வாக்கிய அமைப்பு, அதே குரல் ஏற்ற இறக்கம், சொல்லி முடித்ததும் அதே கைதட்டல்; எங்கள் சபையில் ஸ்தோத்திரம் என்பார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். மதம் மாறியவனின் பாட்டும் மறுத்தவனின் பேச்சும் ஒரே கதைத் திட்டத்தில் அமைந்தவை. இரண்டும் ஒரு கூட்டத்துக்கு முன்னால் சொல்லப்படுபவை. கேட்கக் கூட்டமில்லாதவன் என்ன பேசுவான் என்பதுதான் இலக்கியத்தின் கேள்வி.

பகத்சிங் 1930இல் லாகூர்ச் சிறையில் எழுதிய நாத்திகம் பற்றிய கட்டுரையை ஜீவா தமிழாக்கி, அதற்காகச் சிறையும் போனார். நம் இயக்கங்கள் அதைத் தர்க்கமாகப் படித்தன. ஆனால் அந்தக் கட்டுரையில் தர்க்கத்தைவிட முக்கியமானது வேறு. தூக்குக்குப் போகப் போகிறவன், நம்பிக்கை ஒரு பெரிய ஆறுதல் என்பதை மறைக்காமல் ஒப்புக்கொள்கிறான். அது இல்லாமல் நிற்பது சுலபமல்ல என்கிறான். அந்த ஒப்புதலைத் தமிழ் மேடை எடுத்துக்கொள்ளவில்லை.

நம்பிக்கை இழப்பைத் தமிழ் நவீனத்துவம் எழுதவே இல்லையா என்றால், எழுதியிருக்கிறது. கடவுளிடம் அல்ல, கட்சியிடம். சுந்தர ராமசாமியின் ‘ஜே.ஜே: சில குறிப்புகள்’ 1981இல் வந்தபோது நடந்த சண்டைகளைப் பெரியவர்கள் இன்னும் சொல்கிறார்கள். ஜெயமோகனின் ‘பின்தொடரும் நிழலின் குரல்’ 1999இல். தொழிற்சங்கத்தில் வாழ்ந்த ஒருவன், கட்சி அழித்துவிட்ட ஒரு பெயரைத் தேடிப் போய் உள்ளுக்குள் சிதைவதை அந்த நாவல் நூற்றுக்கணக்கான பக்கங்களில் சொல்கிறது. குறைகள் எத்தனை இருந்தாலும், விசுவாசம் கழல்வதன் சப்தத்தைத் தமிழில் கேட்க வேண்டுமானால் இந்த இரண்டிடமும்தான் போக வேண்டியிருக்கிறது. நம் ஊர் ஞானி, மார்க்சியத்துக்குள் இருந்துகொண்டே கட்சியின் சூத்திரங்களை வாழ்நாள் முழுக்கக் கேள்வி கேட்டவர். கடவுள் ஏன் இன்னும் சாகவில்லை என்று கேட்டு ஒரு புத்தகமே எழுதினார். 2020இல் அவர் இறந்தபோது, கட்சி விசுவாசிகளும் விரோதிகளும் ஒரே சமயத்தில் அனாதையானார்கள்.

கட்சியை எழுத முடிந்தவர்களுக்கு மதத்தை ஏன் எழுத முடியவில்லை? கட்சியை விட்டவனுக்குப் பழைய தோழர்கள் டீக்கடையில் முகம் கொடுக்காமல் போகலாம். ஆனால் அவன் அம்மா அவனுக்குச் சோறு போடுவாள். செத்தால் எரிக்க இடம் கிடைக்கும். அவன் இழந்தது ஒரு கருத்துலகம். அதை எழுதக் கருத்து பாஷை போதும். நம் சிறுபத்திரிகைகளுக்குக் கைவந்ததும் அந்தப் பாஷைதான். சபையை விட்டவன் இழப்பது கருத்தை அல்ல.

பாமாவின் ‘கருக்கு’ இங்கேதான் எனக்கு முக்கியமாகிறது. 1992இல் வெளியான இந்தப் புத்தகத்தைத் தலித் தன்வரலாறு என்று வகைப்படுத்தி, பாடத்திட்டத்தில் வைத்து, ஆய்வேடுகளால் மூடிவிட்டார்கள். வகை சரிதான். ஆனால் அது ஒரு பெண் கன்னியர் மடத்திலிருந்து வெளியே வந்த கையோடு எழுதிய புத்தகம் என்பதை ஒரு தகவலாகச் சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள். நான் அதை முதன்மையாக ஒரு வெளியேற்றத்தின் புத்தகமாகப் படிக்கிறேன். சாதி அதில் வெளியேற்றத்தின் காரணம். வெளியேற்றம் புத்தகத்தின் உருவம்.

ஏழைக் குழந்தைகளுக்குச் சேவை செய்யலாம் என்று உள்ளே போகிறார். வறுமை விரதம் எடுத்தவர்கள் வசதியாக வாழ்கிறார்கள். தலித் பெண்களைச் சபையில் சேர்ப்பது பற்றிப் பயிற்சிக் காலத்திலேயே காதில் விழுகிற பேச்சு அவரைச் சுடுகிறது. பணக்காரக் குழந்தைகள் படிக்கிற பள்ளிக்குப் பாடம் நடத்த அனுப்புகிறார்கள். வெளியே வரும்போது வேலை இல்லை, காசு இல்லை, தனியாக இருக்கும் பெண்ணுக்கு வீடு கொடுக்க ஆளில்லை. இதெல்லாம் சம்பவங்கள். சம்பவங்களைவிட எனக்குப் பெரிதாகப் படுவது புத்தகத்தின் பாஷை. அது தெருப் பாஷை, அவருடைய ஊரின் பறைத்தெருப் பேச்சு. தலித் அழகியல் என்று இதற்குக் காரணம் சொல்வது ஓரளவுக்குத்தான் போகும். ஜெபப் புத்தகத்தின் தமிழ் ஒன்று இருக்கிறது: நீண்ட, கண்ணை மூடிக்கொள்ளச் சொல்கிற தமிழ். மடத்தில் அந்தத் தமிழிலும், மேட்டிமையான மௌனத்திலும் வருஷக்கணக்காக இருந்த ஒருத்தி, வெளியே வந்ததும் கைக்குக் கிடைக்கிற முதல் பாஷையைப் பிடித்துக்கொள்கிறாள். அது பாட்டி பேசிய பாஷை. பனைமட்டையின் கருக்கு சின்ன வயதில் விறகு பொறுக்கும்போது தோலைக் கிழித்தது என்கிற ஞாபகத்திலிருந்து புத்தகத்துக்குப் பெயர் வருகிறது. ஆக வெளியேற்றம் நடந்த இடம் மடத்தின் வாசல்படி அல்ல, வாக்கியம். ‘கருக்கு’வை நல்ல தமிழில் எழுதியிருந்தால் அவர் இன்னும் உள்ளேதான் இருந்திருப்பார்.

புத்தகத்தின் கடைசிப் பகுதி பிரசங்கமாகிவிடுகிறது என்று நண்பர்கள் குறை சொல்வதுண்டு. நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். திரும்பப் படித்தபோது, அந்தப் பிரசங்கமே ஒரு சான்று என்று தோன்றியது. தெருப் பாஷைக்கு நடுவில் சபைப் பாஷை பழைய காய்ச்சல்போலத் திரும்பி வருகிறது. கடவுளையும் அவர் விட்டுவிடவில்லை. மடத்திலிருந்து எடுத்துக்கொண்டு போய்த் தெருவில் வைக்கிறார். நம்பிக்கை இழப்பை எதிர்பார்த்துப் போகிற வாசகனுக்கு இது ஏமாற்றமாக இருக்கலாம். எனக்கு இருந்தது. ஸ்தாபனத்தை விட்டாலும் ஸ்தாபனம் சொல்லிக்கொடுத்த பெயரைச் சொல்லித்தான் அழ வேண்டியிருக்கிறது என்பது ஏமாற்றமாக இருந்தாலும் பொய்யல்ல.

இவருடைய அண்ணன் ராஜ் கௌதமன். திருநாவுக்கரசருக்கு ஒரு திலகவதி என்றால், இங்கே அண்ணனும் தங்கையும் ஒரே வீட்டிலிருந்து ஆளுக்கு ஒரு கதவு வழியாக வெளியேறுகிறார்கள். ‘சிலுவைராஜ் சரித்திரம்’ 2002இல் வந்தது. சிலுவைராஜ் கடைசியில் இந்துவாக மாறுகிறான். ஞானம் பிறந்து அல்ல, சான்றிதழுக்காக. 1950ஆம் ஆண்டு ஜனாதிபதி உத்தரவின்படி பட்டியல் சாதி என்பதற்கு இந்துவாக இருக்க வேண்டும். பிறகு சீக்கியர்களும் பௌத்தர்களும் சேர்க்கப்பட்டார்கள், கிறிஸ்தவர்கள் சேர்க்கப்படவில்லை. ஞானஸ்நானத் தொட்டியில் சாதி கரையவில்லை, சலுகை மட்டும் கரைந்தது. ஆகவே பையன் ஒரு மதத்தை விட்டு, தான் நம்பாத இன்னொரு மதத்துக்குக் கையெழுத்துப் போட்டுப் போகிறான். இதைவிடக் கடுமையான மத விமர்சனம் தமிழில் இல்லை என்பது என் அபிப்பிராயம். அது விமர்சனமாகத் தொனிக்கவே இல்லை என்பதுதான் அதன் பலம். அழ வேண்டிய இடங்களில் எல்லாம் சிரிக்கிறது. கிருஷ்ண பிள்ளையின் யாத்திரிகன் மோட்ச வாசலுக்குப் போனான். சிலுவைராஜ் தாசில்தார் ஆபீசுக்குப் போகிறான். ராஜ் கௌதமன் 2024 நவம்பரில் இறந்தார். இரங்கல் கட்டுரைகள் அவரைப் பண்பாட்டு ஆய்வாளர் என்று கௌரவித்தன. நாவலாசிரியரை ஒரு பத்தியில் முடித்துவிட்டன.

வங்கியில் உட்கார்ந்திருக்கிற எனக்குக் காகிதத்தின் மீது மரியாதை அதிகம். காகிதத்தில் வெளியேறுவதற்கும் வழி இருக்கிறது. பள்ளிச் சான்றிதழில் சாதி, மதம் இல்லை என்று போட்டுக்கொள்ளலாம் என்று தமிழக அரசு 1973லேயே உத்தரவு போட்டது. 2019இல் திருப்பத்தூர் வழக்கறிஞர் ஒருவர், பல வருஷம் அலைந்து, சாதியும் மதமும் அற்றவர் என்று தாசில்தாரிடமே சான்றிதழ் வாங்கினார். நல்ல காரியம். ஆனால் அந்தக் காகிதத்தைக் காட்டி எந்தக் கல்லறைத் தோட்டத்திலும் இடம் கேட்க முடியாது.

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டியிருக்கிறது. எங்கள் சபையில் வெள்ளை உடுப்புதான். நகை கிடையாது, சினிமா கிடையாது, வியாதிக்கு மருந்து கிடையாது, ஜெபம் உண்டு. ஆங்கிலத்தை நான் கற்றது பைபிளை இரண்டு பாஷையிலும் வைத்துக்கொண்டு. அதனால்தான் பி.ஏ.வில் ஆங்கிலம் எடுத்தேன். அதனால்தான் கல்லூரி நூலகத்தில் எட்மண்ட் காஸின் ‘தந்தையும் மகனும்’ கையில் கிடைத்தது. பாடத்தில் இல்லாத புத்தகம். 1907இல் ஆசிரியர் பெயர் இல்லாமல் வந்தது. தகப்பன் கடல் உயிர்களை ஆராய்ந்த விஞ்ஞானி, பிளிமத் சகோதரர்கள் என்ற கடுமையான சபையைச் சேர்ந்தவர். கிறிஸ்துமஸ் அஞ்ஞானிகளின் பண்டிகை என்று நினைக்கிறவர். வேலைக்காரிகள் ரகசியமாகச் செய்த பண்டிகைப் பலகாரத்தில் ஒரு துண்டு பையன் தின்றுவிட்டான் என்று தெரிந்ததும், மீதியைத் தூக்கிக்கொண்டு ஓடிப்போய்ச் சாம்பலில் கொட்டுகிறார். இன்னொரு நாள் பையன் ஒரு நாற்காலியை வைத்து அதை விழுந்து கும்பிட்டுப் பார்க்கிறான். விக்கிரக ஆராதனைக்குத் தண்டனை வரவேண்டுமே என்று காத்திருக்கிறான். ஒன்றும் நடக்கவில்லை. எனக்கு நெஞ்சு அடைத்துக்கொண்டது. தர்க்கத்தால் அல்ல, ஒன்றும் நடக்காததால் நம்பிக்கை போகிறது. எங்கள் வீட்டில் காய்ச்சலுக்கு யாருக்கும் தெரியாமல் ஒரு மாத்திரை வாங்கி விழுங்கிவிட்டு, இரவெல்லாம் நானும் அப்படிக் காத்திருந்திருக்கிறேன். காலையில் காய்ச்சல் விட்டிருந்தது. அதுதான் பயங்கரமாக இருந்தது.

காஸின் புத்தகத்தில் எனக்குப் பிடித்தது, மகன் தகப்பனை ஜெயிப்பதில்லை என்பது. லண்டனுக்குப் போன பிறகும் தகப்பனின் கடிதங்கள் வருகின்றன: ஜெபித்தாயா, வேதம் வாசித்தாயா. அன்பும் விசாரணையும் ஒரே உறையில். வெறுக்க முடிந்தால் வெளியேறுவது சுலபம்.

நான் சபையை விட்ட பிறகு பெரிய ரகளை எதுவும் நடக்கவில்லை. மூப்பர் இரண்டு தடவை வந்து பேசினார். நல்ல மனிதர். பிறகு வரவில்லை. சபைக்காரர்கள் சிலருக்கு எங்கள் கிளையில்தான் கணக்கு. அதுவரை கவுன்ட்டருக்கு வந்தால் ‘பிரதர்’ என்பார்கள். ஒரு திங்கட்கிழமையிலிருந்து ‘சார்’ ஆனேன். மரியாதை கூடியது, அவ்வளவுதான். பாஸ்புத்தகத்தை நீட்டும்போது ஒரு பெரியவர் வாய் தவறி ‘பிர...’ என்று ஆரம்பித்து நிறுத்தி, ‘சார்’ என்றார். அந்தப் பாதி வார்த்தையைப் பற்றி நான் ஒரு கவிதை எழுதப் பார்த்து, முடியவில்லை. அம்மா மட்டும் சொன்னாள், ‘சபைக்கு வராட்டிப் போகுது கண்ணு, ஊட்டுக்காச்சும் வந்துட்டுப் போ’ என்று. அவள் அடக்கத்தின்போது கடைசியில் நின்றேன். யாரும் என்னைத் தடுக்கவில்லை. மண் எடுத்துப் போடச் சொல்லி யாரும் கூப்பிடவும் இல்லை. பிறகு நானே போய்ப் போட்டேன்.

இது சின்ன விலை. தக்கலையில் ஹெச். ஜி. ரசூல் கொடுத்தது பெரிது. அவர் நம்பிக்கையை இழந்தவர்கூட இல்லை. மார்க்கத்துக்குள் நின்று, சூஃபி மரபின் பக்கம் சாய்ந்து பேசியவர். ‘மைலாஞ்சி’ கவிதைகளுக்காக ஒரு முறை நெருக்கினார்கள். 2007இல் ஒரு கட்டுரைக்காக ஊர்விலக்கம் செய்தார்கள். ஊர்விலக்கம் என்றால் கல்யாணத்துக்கு அழைப்பு இல்லை, சாவுக்கு ஆள் இல்லை. வெளியேறாதவனை வெளியேற்றினார்கள். பிரச்சினை நம்பிக்கை அல்ல, யார் கேள்வி கேட்கலாம் என்பதுதான் என்று அந்தச் சம்பவம் தெளிவாக்கியது. 2017 ஆகஸ்டில் அவர் இறந்தார்.

அதே வருஷம் மார்ச் 16ஆம் தேதி இரவு, எங்கள் ஊரில், உக்கடம் பகுதியில் ஃபாரூக் வெட்டிக் கொல்லப்பட்டார். வயது 31. பழைய இரும்பு வியாபாரம் செய்தவர். மனைவியும் இரண்டு குழந்தைகளும். திராவிடர் விடுதலைக் கழகத்தில் இருந்தார். முஸ்லிமாகப் பிறந்து, கடவுள் இல்லை என்று ஃபேஸ்புக்கிலும் வாட்ஸ்அப்பிலும் எழுதினார். அதுவே காரணம் என்று போலீஸ் சொன்னது. கோயமுத்தூரில் இதைப் பற்றி எழுதுகிறவன் ஒன்றை மறக்கக் கூடாது. 1997 நவம்பர் கடைசியில் இந்த ஊர்த் தெருக்களில் முஸ்லிம்கள் கொல்லப்பட்டார்கள். 1998 பிப்ரவரி 14 குண்டுவெடிப்புகளில் 50க்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். அதற்குப் பிறகு ஒரு சமூகம் சுவரோடு சுவராக ஒண்டிக்கொண்டு வாழ்ந்திருக்கிறது. முற்றுகையில் இருக்கிற வீட்டிலிருந்து வெளியேறுகிறவன், வெளியேறுகிறவனாகத் தெரியமாட்டான். எதிரிக்குக் கதவு திறக்கிறவனாகத் தெரிவான். வெளியே அவனை வரவேற்கக் காத்திருப்பவர்களில் சிலர் அவன் வீட்டைக் கொளுத்தக் காத்திருப்பவர்களாகவும் இருக்கலாம். இதைச் சொல்வது கொலையை நியாயப்படுத்த அல்ல. கொலைக்கு நியாயம் கிடையாது. ஃபாரூக்கின் தைரியம் எவ்வளவு தனிமையானது என்று கணக்குப் பார்க்கத்தான். மேடை நாத்திகம் ஈரோட்டில் ஒரு விலைக்குக் கிடைத்தது. அதே வாக்கியத்தைக் கோட்டைமேட்டிலோ உக்கடத்திலோ சொன்னால் விலை வேறு. வாக்கியத்தைக் கொடுத்தவர்களுக்கு அது தெரிந்திருந்ததா?

கொலைக்குப் பிறகு கூட்டங்கள் நடந்தன. கவிதைகள் வந்தன. அவரைத் தியாகி ஆக்கினார்கள். வேறு என்ன செய்ய முடியும்? ஆனால் தியாகி ஆனவனும் ஒரு சாட்சிதான், கூட்டத்துக்கு முன்னால் நிறுத்தப்பட்டவன். இரும்புக் கடையில் உட்கார்ந்து தராசைப் பார்த்துக்கொண்டிருந்த ஒருவன், எந்த மத்தியானத்தில், எது நடக்காததால், தொழுகையை விட்டான் என்று ஒரு கவிதையிலும் இல்லை. வீட்டில் அன்றைக்கு அதை எப்படிச் சொன்னான், யாரிடம் முதலில் சொன்னான் என்பதும் இல்லை.

நாளிதழ்களில் வந்த ஒரு செய்தி மட்டும் என்னை விடாமல் தொந்தரவு செய்கிறது. மகன் கொல்லப்பட்ட பிறகு, ஃபாரூக்கின் தகப்பனார், மகன் இருந்த இயக்கத்தில் தானும் சேரப்போவதாகச் சொன்னார். இரண்டு வரிச் செய்தி. காஸின் புத்தகத்தில் மகன் தகப்பனின் வீட்டை விட்டுப் போகிறான். இங்கே தகப்பன், செத்த மகன் நின்ற இடத்துக்கு நடந்து போகிறார். அவரை அங்கே கொண்டுபோனது தர்க்கமா, துக்கமா, கோபமா, ஜமாஅத்தின் முகத்தில் பட்ட ஏதோ ஒன்றா? அவருக்குச் சாட்சிப் பாஷை உதவாது, மேடைப் பாஷையும் உதவாது. கொலை நடந்தது வியாழக்கிழமை இரவு. மறுநாள் வெள்ளிக்கிழமை. ஊரின் பள்ளிவாசல்களில் எல்லாம் மத்தியானம் பாங்கு சொல்லியிருப்பார்கள். அந்த நேரத்தில் அவர் எங்கே நின்றுகொண்டிருந்தார் என்பதிலிருந்து ஒரு நாவலைத் தொடங்கலாம்.